லண்டனா, சியாங் மாயா? வெளிநாட்டுப் பரிமாற்றத்தில் இளையருக்கு என்ன கிடைக்கிறது

கேள்வி: மகள் சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இரண்டு வாய்ப்புகள் வந்திருக்கின்றன. ஒன்று, வகுப்புத் தோழிகளோடு பத்து நாள் லண்டன், பாரிஸ் கல்விப் பயணம். இன்னொன்று, தாய்லாந்தின் சியாங் மாயில் ஆறு வாரம். அங்குள்ள கல்லூரி மாணவர்களோடு சேர்ந்து ஒரு செயல்திட்டம் செய்ய வேண்டும், அந்த ஆறு வாரத்தில் பாதிக் காலம் உள்ளூர்க் குடும்பம் ஒன்றோடு தங்க வேண்டும். "காசு கட்டுறதுன்னா லண்டனுக்கே போகட்டுமே" என்கிறார் கணவர். "வயசுப் பொண்ண யார் வீட்லயோ விடுறதா" என்கிறார் மாமியார். இப்படிப் போய்வருவதால் பிள்ளைகளுக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது? வேலைக்கு உதவுமா?

பதில்:

சியாங் மாய்க்கு அனுப்புங்கள். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் நேரமாகும்.

இளையர் குழுக்களோடு பல ஆண்டுகளாகத் தொண்டூழியராக இருக்கிறேன். கிளம்பும் பிள்ளைகளுக்கு முன்னேற்பாட்டு வகுப்பு எடுத்திருக்கிறேன், வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளை எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் தங்கவைத்திருக்கிறேன். இதில் நான் கண்ட வரையில், எந்த நாட்டுக்குப் போகிறார்கள் என்பது அவ்வளவு முக்கியமில்லை. போன இடத்தில் யாரை நம்பி இருக்க வேண்டியிருந்தது, எத்தனை நாள் இருந்தார்கள், யாரோடு சேர்ந்து என்ன வேலை பார்த்தார்கள் என்பதைப் பொறுத்தே எல்லாம்.

பத்து நாள் லண்டன் பயணத்தை எண்ணிப் பாருங்கள். பேருந்து வாசலில் நிற்கும், வழிகாட்டி இருப்பார், பக்கத்தில் அதே வகுப்புத் தோழிகள். பேச்செல்லாம் நம்மூர் ஆங்கிலம். உள்ளூர்க்காரர் யாரிடமாவது அவள் வாய்விட்டுக் கேட்க வேண்டிய கட்டாயம் ஒருமுறைகூட வராது. அதில் தவறொன்றும் இல்லை, நல்ல விடுமுறைதான். ஆனால் அதற்குக் கல்விப் பயணம் என்று பெயர் வைத்துக் காசு வாங்குவதுதான் எனக்கு உறுத்தும்.

சியாங் மாய் வீட்டிலோ முதல் நாளே எல்லாம் புதிது. எந்த வாளியில் குளிப்பது, யார் சாப்பிட்ட பிறகு யார் சாப்பிடுவது, தட்டில் வைத்ததைச் சாப்பிட முடியாவிட்டால் எப்படிச் சொல்வது, எல்லாவற்றையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சிங்கப்பூரில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இது அபூர்வமான அனுபவம். இங்கே எல்லாவற்றுக்கும் அறிவிப்புப் பலகை உண்டு, செயலி உண்டு, வரிசை உண்டு. தெரியாதவளாக, உதவி தேவைப்படுகிறவளாக ஒரு வீட்டுக்குள் நிற்பது பதினெட்டு வயதில் அவர்களுக்குப் பெரும்பாலும் அதுதான் முதல் முறை.

இதை என் அனுபவத்தை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. ஜெர்மனியின் யேனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர்கள் யூலியா சிம்மர்மனும் ஃபிரான்ஸ் நையரும் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வெளிநாடு போன மாணவர்களையும் போகாமல் இருந்த மாணவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு. போகிற பிள்ளைகள் கிளம்புவதற்கு முன்பே கொஞ்சம் கலகலப்பானவர்கள் என்பது முதலிலேயே தெரிந்தது. அந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுத்த பிறகும், போய்வந்தவர்களிடம் புதியவற்றை ஏற்கும் மனமும் பிறரோடு இணங்கிப்போகும் குணமும் கூடியிருந்தன, மனத் தத்தளிப்பு குறைந்திருந்தது. இந்த மாற்றத்துக்குக் காரணம் எது என்று தேடியபோது, அங்கே அவர்களுக்குப் புதிதாகக் கிடைத்த வெளிநாட்டு நட்புகளும் உறவுகளும்தான் பெரும்பங்கு வகித்தன. தன் ஊர்க்காரரோடேயே ஒட்டிக்கொண்டு திரும்புகிறவருக்கு என்ன கிடைக்கும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

வேலைக்கு உதவுமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில், ஓரளவு. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகம் 1987இல் தொடங்கிய எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றத் திட்டம் பற்றி 2014இல் ஒரு பெரிய ஆய்வறிக்கை வந்தது. பட்டம் பெற்று ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், வெளிநாடு போய்வந்தவர்களிடையே வேலையின்மை விகிதம் மற்றவர்களைவிட 23 விழுக்காடு குறைவு என்றது அது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே அறிக்கை, இந்த மாணவர்கள் போவதற்கு முன்பே தன்னம்பிக்கை போன்ற குணங்களில் ஒரு படி மேலே இருந்தார்கள் என்பதையும் சொல்கிறது. எவ்வளவு பரிமாற்றத்தால் வந்தது, எவ்வளவு ஏற்கெனவே இருந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆகவே "போய்வந்தால் வேலை உறுதி" என்று யாராவது விளம்பரப்படுத்தினால் நம்பாதீர்கள்.

சிங்கப்பூரில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. உயர்கல்வி நிலைய மாணவர்களில் 70 விழுக்காட்டினர் ஏதாவதொரு வெளிநாட்டு அனுபவம் பெற வேண்டும், அவர்களில் 70 விழுக்காட்டினர் ஆசியான் நாடுகள், சீனா, இந்தியா ஆகிய இடங்களில் அதைப் பெற வேண்டும் என்று கல்வி அமைச்சு 2020இல் இலக்கு வைத்தது. பத்தில் ஏழு பேர் போய்வந்தவர்களாக இருக்கும் ஊரில், "நானும் போனேன்" என்று தன்விவரக் குறிப்பில் ஒரு வரி எழுதினால் யார் நிமிர்ந்து பார்ப்பார்கள்? நேர்காணலில் அடுத்த கேள்வி, "அங்கே என்ன செய்தீர்கள், எது சரியாக வரவில்லை, அப்போது என்ன செய்தீர்கள்" என்பதாக இருக்கும். ஈஃபில் கோபுரத்தைப் பற்றி அதற்குப் பதில் சொல்ல முடியாது. தாய்லாந்துக் கூட்டாளி ஒருவர், பிடிக்காத யோசனைக்கும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார், அவர் உடன்படவில்லை என்பது ஒரு வாரம் கழித்துத்தான் புரிந்தது, அதற்குப் பிறகு வேலையை எப்படிப் பிரித்துக்கொண்டோம் என்று சொல்கிற பிள்ளையை நிறுவனங்கள் கவனிக்கும். இங்குள்ள எத்தனையோ நிறுவனங்களுக்குத் தொழிற்சாலை வியட்நாமிலும் வாடிக்கையாளர் ஜகார்த்தாவிலும் இருக்கிறார்கள். லண்டனைவிடச் சியாங் மாய் அந்த வேலைக்குப் பக்கம்.

சரி, அரசாங்கங்கள் ஏன் இதற்குப் பணம் போடுகின்றன? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரான்சும் ஜெர்மனியும் ஒரு நூற்றாண்டுக்குள் மூன்று போர்களில் மோதிக்கொண்ட நாடுகள். 1963இல் பிரெஞ்சு அதிபர் டி கோலும் மேற்கு ஜெர்மனியின் தலைவர் அடினாவரும் எலிசே நட்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதே ஆண்டு இரு நாடுகளும் சேர்ந்து ஓர் இளையர் அலுவலகத்தைத் தொடங்கின. அதன் வழியாக இதுவரை பல மில்லியன் இளையர் எல்லை தாண்டிப் போய்வந்திருக்கிறார்கள். போர் முடிந்து பதினெட்டே ஆண்டுகளில், அப்பாக்கள் சுட்டுக்கொண்ட ஊர்களுக்குப் பிள்ளைகள் கோடை முகாமுக்குப் போனார்கள்.

நம் வட்டாரத்திலும் இதற்கு இணையான கதை உண்டு. 1974 ஜனவரியில் ஜப்பானியப் பிரதமர் தனாகா தென்கிழக்காசிய நாடுகளுக்கு வந்தபோது பாங்காக்கில் மாணவர்கள் எதிர்ப்பு ஆர்ப்பாட்டம் நடத்தினார்கள், ஜகார்த்தாவில் கலவரமே வெடித்தது. ஜப்பானியப் பொருள்கள் சந்தையை நிறைத்ததில் எரிச்சல், அதன் அடியில் போர்க்கால நினைவு. அதே ஆண்டில்தான் தென்கிழக்காசிய, ஜப்பானிய இளையர் கப்பல் திட்டம் தொடங்கியது. ஜப்பானோடு இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பீன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் தொடக்கத்திலிருந்தே இருந்தன, மற்ற ஆசியான் நாடுகள் பின்னர் சேர்ந்தன. 18 முதல் 30 வயது வரையிலான இளையர் ஒரே கப்பலில் வாரக்கணக்கில் பயணம் செய்து, துறைமுகத்துக்குத் துறைமுகம் இறங்கி, உள்ளூர்க் குடும்பங்களின் வீடுகளில் தங்குவார்கள். இங்கே தேசிய இளையர் மன்றம் அதற்கான ஆட்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவந்திருக்கிறது. பழைய பங்கேற்பாளர்கள் ஒவ்வொரு நாட்டிலும் சங்கம் வைத்திருக்கிறார்கள்.

இதன் கனம் நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். 1942 முதல் 1945 வரை இங்கே ஜப்பானியர் ஆட்சி. அப்போது மாண்ட பொதுமக்களுக்காகப் பீச் ரோட்டில் நான்கு தூண்களோடு நிற்கும் நினைவுச்சின்னத்தை உங்கள் மகளும் பார்த்திருப்பாள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள், திரும்பாதவர்கள் ஏராளம். அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளை ஒசாகாவில் ஒரு வீட்டில் உட்கார்ந்து, அந்த வீட்டுப் பாட்டி பரிமாறும் சோற்றைச் சாப்பிடுகிறது என்றால் அது சாதாரண விருந்தோம்பல் இல்லை. நடந்ததை மறக்கச் சொல்லவில்லை. நடந்ததைத் தெரிந்துகொண்டு போகிற பிள்ளைக்கு, ஒரு நாட்டை அதன் பழைய படையிலிருந்து பிரித்துப் பார்க்க வருகிறது. பாடநூலில் அதைக் கற்றுத்தர முடியாது. சியாங் மாயிலிருந்து திரும்பும் வழியில், அந்த ரயில்பாதை ஓடும் காஞ்சனபுரிக்குப் போக நேரமிருந்தால், போகச் சொல்லுங்கள். அங்கே நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. தமிழ்க் கூலிகளுக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது.

தமிழ்ப் பிள்ளைக்கென்று தனியாகக் கிடைக்கும் ஒன்றும் உண்டு. வெளியே போனதும் முதல் கேள்வி, "நீ இந்தியாவா?" என்பதுதான். சிங்கப்பூர் என்றால் அடுத்த கேள்வி, "பின்னே ஏன் தமிழ்?" தொடர்ந்து, தேசிய கீதம் ஏன் மலாயில், சூயிங் கம் விற்க ஏன் தடை, பையன்கள் எல்லாரும் ஏன் படையில் சேர வேண்டும், அடுக்குமாடியில் எந்த இனத்தவர் எத்தனை பேர் என்று கணக்கு வைத்திருக்கிறீர்களாமே, உண்மையா? இங்கே இருக்கும்வரை யாரும் அவளிடம் இவற்றைக் கேட்டதில்லை, எல்லாருக்கும் தெரியும் என்பதால். அங்கே பதில் சொல்லத் திணறும்போதுதான் தன் ஊரைப் பற்றித் தனக்கு எவ்வளவு தெரியும் என்று அளந்து பார்ப்பாள். நான் அனுப்பிய பிள்ளைகளில் பலர் திரும்பி வந்து தாத்தா பாட்டியிடம்தான் முதலில் கேள்வி கேட்டார்கள், எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், என்ன வேலைக்கு வந்தீர்கள் என்று.

இன்னொரு வியப்பும் காத்திருக்கிறது. பாங்காக்கின் சீலோம் சாலையில் 19ஆம் நூற்றாண்டில் தமிழர் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. அங்கே மாலை வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் தாய்லாந்துக்காரர்கள். அந்த நாட்டு அரச சடங்கு ஒன்றின் பெயரே திரியம்பாவாய், நம் திருவெம்பாவையிலிருந்து போனது. அதற்காக எழுப்பிய பெரிய ஊஞ்சல் இன்றும் பாங்காக் நடுவில் நிற்கிறது, 1935இல் ஊஞ்சலாடுவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். இதைப் பெருமையடித்துக்கொள்ளச் சொல்லவில்லை. நம்முடையது என்று நினைத்ததை வேறொருவர் தம்முடையதாக ஆயிரம் மாற்றங்களோடு வைத்திருப்பதைப் பார்ப்பது, அந்த வயதில் நல்லது.

எல்லாப் பரிமாற்றமும் பலன் தரும் என்று நினைத்துவிடாதீர்கள். கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இலேயே சொன்னார்: இரண்டு கூட்டத்தார் சந்தித்தால் மட்டும் தப்பெண்ணம் குறைந்துவிடாது, சம நிலையில் நின்று ஒரே இலக்குக்காகச் சேர்ந்து உழைத்தால்தான் குறையும், அதற்கு நிர்வாகத்தின் ஆதரவும் வேண்டும். சில தொண்டூழியப் பயணங்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். நம் பிள்ளைகள் போய் ஒரு கிராமத்துப் பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசுவார்கள், கிராமத்தார் சுற்றி நின்று பார்ப்பார்கள், படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். பூசத் தெரிந்த ஆள் அந்த ஊரிலேயே இருப்பார். பிள்ளை அங்கிருந்து கற்றுக்கொண்டு வருவது "பாவம், ஏழைகள்" என்ற நினைப்பு மட்டும் என்றால், போகாமலே இருந்திருக்கலாம். உங்கள் மகளின் திட்டத்தில் உள்ளூர் மாணவர்கள் சம பங்காளிகள் என்பதுதான் என்னை ஈர்த்தது. ஆனாலும் கல்லூரியில் கேளுங்கள்: எந்தப் பிரச்சினையை எடுப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்? திட்டம் முடிந்த பிறகு அதை யார் நடத்துவார்கள்?

இரண்டாவது வாரம் கடினமாக இருக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் எல்லாம் புதுமை. அது தேய்ந்ததும் சாப்பாடு சலிக்கும், மொழி புரியாத களைப்பு ஏறும், அழுகை வரும். அப்போது உங்கள் கையில் இருக்கும் தொலைபேசிதான் ஆபத்து. தினமும் இரவு ஒரு மணிநேரம் காணொளியில் பேசினால் அவள் உடல் சியாங் மாயிலும் மனம் உங்கள் வரவேற்பறையிலும் இருக்கும். வாரத்துக்கு இரண்டு முறை என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நலமா என்று குறுஞ்செய்தி அனுப்பினால் போதும். அதேபோல, நம்மூர்ப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டு விமான நிலையத்திலிருந்து விமான நிலையம் வரை தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருப்பார்கள். குழுவில் சிங்கப்பூரர் எத்தனை பேர், தங்குமிடத்தில் ஓர் அறைக்கு யார் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

மாமியாரின் கவலையைப் பழமைவாதம் என்று ஒதுக்காதீர்கள், நியாயமான கவலை. அதற்கு மறுமொழி விவரங்கள்தான். குடும்பங்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், யாராவது நேரில் போய்ப் பார்த்தார்களா, ஒரு வீட்டில் இரண்டு பெண்களாகத் தங்க முடியுமா, உடன் செல்லும் ஆசிரியர் எவ்வளவு தூரத்தில் இருப்பார், நடு இரவில் யாரை அழைப்பது, வீடு ஒத்துவராவிட்டால் எத்தனை மணிநேரத்தில் மாற்றுவார்கள். இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்லாத கல்லூரி என்றால் நானும் உங்கள் மாமியார் பக்கம்தான். கிளம்புமுன் வெளியுறவு அமைச்சில் பயணத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். காப்புறுதியில், அவசரச் சிகிச்சைக்கு வேறு இடம் கொண்டுசெல்லும் செலவும் அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள், சியாங் மாயில் பிள்ளைகள் மோட்டார்சைக்கிளின் பின்னால் ஏறிக்கொள்வது சகஜம். (எராஸ்மஸ் அறிக்கை இன்னொன்றும் சொல்கிறது: பங்கேற்றவர்களில் 27 விழுக்காட்டினர் தம் வாழ்க்கைத் துணையை அந்தப் பயணத்தில்தான் சந்தித்தார்களாம். இதை மாமியாரிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம்.)

சாப்பாடு சைவமா என்று நீங்கள் சொல்லவில்லை. சைவம் என்றால், மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்று போட்ட கடைகளைத் தேடச் சொல்லுங்கள், அங்கே இறைச்சியும் மீன் சாறும் இருக்காது. மற்ற இடங்களில் காய்கறிப் பொரியலில்கூட மீன் சாறு ஊற்றியிருப்பார்கள்.

பணம்: தாய்லாந்தில் ஆறு வாரத்துக்கு ஆகும் செலவு, லண்டன் பத்து நாளைவிட அநேகமாகக் குறைவாகத்தான் இருக்கும். அதற்கு மேல், ஆசியான், சீனா, இந்தியா போகும் இளையருக்குத் தேசிய இளையர் மன்றத்தின் வழியாக மானியம் உண்டு. பெரும்பாலும் கல்லூரியே விண்ணப்பித்துவிடும், ஆனாலும் கேட்டுக்கொள்ளுங்கள். உயர்நிலைப் பள்ளிக்குப் பிந்திய கல்விக்கென அரசாங்கம் வைத்திருக்கும் கணக்கில் அவள் பெயரில் பணம் இருக்கலாம். கல்லூரி அங்கீகரித்த திட்டங்களுக்கு அதிலிருந்து எடுக்க முடியுமா என்று மாணவர் அலுவலகத்தில் விசாரியுங்கள். வசதி குறைந்த குடும்பங்களுக்குத் தனி உதவித்தொகையும் உண்டு. கேட்கக் கூச்சப்பட்டே பல தமிழ்க் குடும்பங்கள் அதை விட்டுவிடுகின்றன.

மகளுக்குத் தம்பி இருந்தால், பிறகு அவன் போகும்போது ஒரு கூடுதல் வேலை உண்டு. தேசிய சேவைக்குப் போகவேண்டிய பையன்கள் 13 வயது ஆனதிலிருந்து, மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்குவதானால் முன்கூட்டியே நாட்டைவிட்டு வெளியே செல்லும் அனுமதி பெற வேண்டும். ஆறு வாரத்துக்கு அது தேவையில்லை. ஒரு முழுப் பருவம் என்றால் தேவைப்படலாம், கடைசி வாரத்தில் நினைவு வந்து ஓடுகிற பெற்றோரை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

கடைசியாக, கேட்காத ஒன்று. இவளை அனுப்பிவிட்டு, அந்தத் தாய்லாந்துப் பிள்ளைகள் பதில் பயணமாக இங்கே வரும்போது ஒருத்தியை உங்கள் வீட்டில் தங்கவைத்துக்கொள்ளுங்கள். நாலறை வீட்டில் இடமேது என்று யோசிக்க வேண்டாம், கூடத்தில் ஒரு மெத்தை போதும். கோப்பிக்கடைக்குக் கூட்டிப்போங்கள், தேக்கா சந்தைக்குக் கூட்டிப்போங்கள், உங்கள் மாமியாரிடம் உட்காரவையுங்கள். வீட்டில் பயணம் போகாதவர்களுக்கும் பரிமாற்றத்தில் பங்கு கிடைப்பது இப்படித்தான். திட்டத்தில் பதில் பயணம் இருக்கிறதா என்பதை விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்டுவிடுங்கள். இருந்தால், விருந்தினர் குடும்பங்களின் பட்டியலில் உங்கள் பெயரையும் அன்றே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தப் பட்டியல் நிறைவதற்குத்தான் எப்போதும் ஆள் தேட வேண்டியிருக்கிறது.